சஃபர் விலக்கும் திரை

'சஃபர்' என்னும் அரபுச் சொல்லின் வேரில் 'திரை விலக்குதல்' என்ற பொருள் உண்டு. மனிதரின் குணங்களை வெளிப்படுத்துவதாலேயே பயணம் அப்பெயர் பெற்றது என்பர் மார்க்க அறிஞர்.

1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடிய தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் நம் அம்பத்தூர், ஆவடி வழியே சென்றது. அதே பாதையில் சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு பெங்களூருக்குப் புறப்பட்டோம். ஜோலார்பேட்டையில் தண்ணீர் வாங்க மருமகன் இறங்கினார்; அவர் திரும்புமுன் வண்டி நகர்ந்துவிட்டது. எல்லாருடைய பயணச்சீட்டும் அவர் சட்டைப்பையில். அவருடைய கைபேசியோ இருக்கையில்!

வீட்டில் வீரம் பேசும் மைத்துனர் வாயடைத்து அமர்ந்தார். பழியை யார்மீது சுமத்தலாம் எனச் சிலர் ஆராயத் தொடங்கினர். நாலு பேர் முன் வாய் திறவாத நம் மகளோ, பரிசோதகரைத் தேடிச் சென்று நிலைமையை எடுத்துரைத்தாள். அவர் உடனே நிலையத்துக்குத் தகவல் அனுப்பினார். முன்பின் அறியாத ஓர் அம்மையார், அழுத பேரனை மடியில் இருத்தி இட்லி ஊட்டினார். அடுத்த வண்டியில் மருமகன் வந்து சேர்ந்தார், தண்ணீர்ப் புட்டியுடன்!

ஒருவரை நல்லவரெனச் சான்று கூறியவரிடம், "அவருடன் பயணம் செய்ததுண்டா?" என்று ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் வினவியதாகக் கூறுவர். அதன் நுட்பம் அன்று கண்முன் விளங்கிற்று. சம்பந்தம் பேசுவோர் நகையையும் நிலத்தையும் விசாரிக்குமுன் இதனை விசாரிப்பார்களாக!