சந்தைக்கு வந்தாத்தான் டாக்டரைப் பார்க்க முடியும்

நான் குடியிருப்பது இரும்புலியூர். ஜி.எஸ்.டி. ரோடும் மதுரவாயல் பைபாஸும் சேர்ற இடம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போறவங்க "ஒரு மணி நேரமா இங்கேயே நிக்கிறோம்"னு திட்டிக்கிட்டே கடக்கிற அதே ஊர்தான்.

ஊரே வெளியூர் போறதைப் பார்த்துக்கிட்டே டியூட்டிக்குப் போற எனக்கு, போன ஜூன்ல ரெண்டு நாள் சேர்ந்தாப்ல லீவு கிடைச்சுது. கொல்லிமலைக்குப் போனேன். அருவியில குளிக்க இல்லை. சோளக்காடு சந்தையைப் பார்க்க.

"சந்தையைப் பார்க்கவா மலை ஏறுவாங்க? பக்கத்துலயே பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை இருக்கே"ன்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்கு. அது என்னோட ஒரு பழைய தப்பு. வழியில சொல்றேன், கூட வாங்க.

கிளாம்பாக்கத்துல ராத்திரி பஸ் ஏறினா விடியற நேரத்துக்கு சேலம். அங்கிருந்து நாமக்கல் பஸ். வழியில ஒரு ஊர் வரும், பேரு புதன்சந்தை. கண்டக்டர் "புதன்சந்தை இறங்கு"ன்னு கத்தினதும் எனக்கு மொராக்கோ ஞாபகம் வந்துச்சு. நான் அங்க போனதில்லை, படிச்சதோட சரி. ஆனா அந்த நாட்டுல "சூக் எல் அர்பா"ன்னு ஒரு ஊர் இருக்கு. அர்த்தம் என்ன தெரியுமா? புதன் சந்தை! அதே மாதிரி "கெமிஸ்"னு தொடங்குற ஊர்கள் உண்டு. கெமிஸ்னா வியாழன். அட்லஸ் மலையில பெர்பர் மக்கள் வாரத்துக்கு ஒருநாள் இறங்கி வந்து கூடுற சந்தைகளுக்குக் கிழமைதான் பேரு. பிறகு அந்தச் சந்தையைச் சுத்தி ஊர் உருவாச்சுன்னா, ஊருக்கும் அதே பேரு. மலையில இருக்கிறவங்களுக்கு காலண்டர் சுவத்துல தொங்கல. சந்தையில இருக்கு.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. "பெர்பர்"ங்கிறது அவங்க வச்சுக்கிட்ட பேரு இல்லை, வெளியாட்கள் வச்சது. அவங்க தங்களை அமாசிக்னு சொல்லிக்கிறாங்க. நம்ம கொல்லிமலையில இருக்கிற பழங்குடி மக்களுக்கு அரசுப் பட்டியல்ல பேரு "மலையாளி". கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்லை. பேசுறது தமிழ். மலையில வாழுறவங்கங்கிற அர்த்தத்துல வந்த பேரு. தங்களோட முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கத்துல இருந்து வந்தவங்கன்னு வழிவழியா சொல்லிக்கிறாங்க. 2019 வரைக்கும் எங்க தாம்பரமே காஞ்சிபுரம் மாவட்டத்துல தான் இருந்துச்சு. அப்படிப் பார்த்தா நான் போனது நம்ம ஊர்ல இருந்து என்னைக்கோ கிளம்பிப் போனவங்களைப் பார்க்க!

நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளி. காரவள்ளியில மலை ஆரம்பம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்னுக்கும் நம்பர் போட்ட பலகை. வாந்தி வரும்னு பயப்படுறவங்களுக்கு: பஸ்ஸுல முன்பக்கம் உட்காருங்க, வயிறு முட்டச் சாப்பிடாதீங்க, போனைப் பார்க்காம தூரத்துல இருக்கிறதைப் பாருங்க. நான் இதையெல்லாம் நோயாளிகளுக்குச் சொல்லிட்டு, முப்பதாவது வளைவுல வாட்ஸ்அப் பார்த்து மாட்டிக்கிட்டேன்.

அந்த எழுபது வளைவுல தான் பழைய கதை திரும்பத் திரும்ப மனசுல ஓடுச்சு.

எம்.பி.பி.எஸ். முடிச்சு அரசுப் பணியில சேர்ந்ததும் எனக்கு முதல் போஸ்டிங் ஒரு மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம். வேற மாவட்டம், வேற மலை. பேரு வேண்டாம். அங்க அடிவாரத்துல சனிக்கிழமை தோறும் சந்தை கூடும். மலையில இருந்து அம்பது வயசுக்காரர் ஒருத்தர் என்கிட்ட வந்தார். ரொம்ப நாளா சர்க்கரை நோய். வலது பாதத்துக்கு அடியில காசு அகலத்துக்குப் புண். "எத்தனை நாளா இருக்கு?"ன்னா, "தெரியலீங்க சார், வலிக்கவே இல்லையே"ன்னார்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. வலிக்காத புண் தான் ஆபத்தான புண். சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாம வருஷக்கணக்குல போனா கால் நரம்புகள் உணர்ச்சியை இழக்கும். ஆணி குத்தினாலும் தெரியாது, செருப்பு கடிச்சாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைஞ்சிருந்தா புண் ஆறாது. அதே காலை ஊன்றி சுமை தூக்கி நடந்தா அது உள்ளுக்குள்ள போய்க்கிட்டே இருக்கும்.

சுத்தம் பண்ணி, மருந்து எழுதி, "ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங்குக்கு வாங்க"ன்னு சீட்டுல தேதி போட்டுக் கொடுத்தேன். அவர் வந்தது அடுத்த சனிக்கிழமை. மறுபடி தேதி போட்டேன். மறுபடி சனிக்கிழமை. மூணாவது வாரம் புண் பெருசாகி இருந்துச்சு. வெளியில நூறு பேர் வரிசை. எனக்குக் கோபம் வந்துடுச்சு. எல்லார் முன்னாடியும் கேட்டேன்: "உங்களுக்கு உயிரை விட சந்தை முக்கியமா?"

அவர் கோபப்படல. "சந்தைக்கு வந்தாத்தான் சார் உங்ககிட்ட வர முடியும்"னார். அவ்வளவுதான். சீட்டை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு போயிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரல. அதுக்கடுத்ததும் வரல. நாலு மாசம் கழிச்சு சந்தைப் பக்கம் டீக்கடையில பார்த்தேன். கம்பு ஊன்றி நின்னுட்டு இருந்தார். வலது கால்ல ரெண்டு விரல் இல்லை. பெரியாஸ்பத்திரியில எடுத்துட்டாங்களாம். என்னைப் பார்த்ததும் "நல்லா இருக்கீங்களா சார்?"னு அவர்தான் முதல்ல கேட்டார்.

அந்த நிலையத்துல ரெண்டு வருஷம் இருந்தேன். ஒரு தடவை கூட மேல ஏறி, அவங்க எங்கிருந்து வர்றாங்கன்னு பார்த்ததில்லை. அதே மலைக்குத் திரும்பப் போக இன்னும் மனசு வரல. அதனாலதான் கொல்லிமலை.

செம்மேட்டுல தங்கி, ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே சோளக்காடு போயிட்டேன். ஜூன் மாசத்துலயும் குளிர். கடல் மட்டத்துல இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கிற மலை இல்லையா! பலாப்பழ வாசம் தான் முதல்ல வரும், அப்புறம்தான் சந்தை கண்ணுக்குத் தெரியும். தலைச்சுமையா வர்றவங்க, பைக்குல ரெண்டு பக்கமும் பழத்தைக் கட்டிக்கிட்டு வர்றவங்க. பலா, அன்னாசி, மலை வாழை, மிளகு, காபிக்கொட்டை. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடுன்னு இங்க ஊராட்சிகளுக்குப் பேரே நாடு தான். ஒவ்வொரு நாட்டுக்குள்ளயும் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்ன ஊர்கள். அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வர்றதுக்கே ஒரு நடை இருக்கு.

சாமையும் கேழ்வரகும் நிறைய இருக்கும்னு எதிர்பார்த்தேன். ஒரு காலத்துல அதெல்லாம் விளைஞ்ச நிலத்துல பெரும்பகுதி இப்போ மரவள்ளி. அது கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகுது. கையில காசு வருது, தட்டுல சாமைக்குப் பதில் அரிசி வருது. சர்க்கரை நோய் பட்டணத்துக்காரங்களோட நோய்னு இன்னமும் நினைக்கிறவங்க ஒரு தடவை மலையேறி வாங்க.

ஒரு ஆயாகிட்ட அன்னாசிப்பழம் விலை கேட்டேன். நம்ம பழக்கம், பத்து ரூபா குறைச்சுக் கேட்டேன். "கீழ இருந்து வந்த யாவாரி இதைவிடக் கம்மியாக் கேட்டுட்டுப் போறான், நீயுமா சாமி?"ன்னு சிரிச்சாங்க. கேட்ட விலையைக் கொடுத்தேன். என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்துட்டு சுருக்குப் பையில இருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாங்க. "இதுல என்னைக்கு வரச் சொல்லி இருக்கு, பாரு."

பார்த்தேன். கீழே ஒரு மருத்துவமனையில கொடுத்த சீட்டு. சர்க்கரை நோய். ரத்தப் பரிசோதனைக்கும் கண் பரிசோதனைக்கும் வரச் சொல்லி ஒரு வியாழக்கிழமை தேதி. அது போய் மூணு வாரம் ஆச்சு.

"தேதி போயிருச்சே ஆயா."

"போயிருச்சா? சரி, போகட்டும். பழம் சொன்ன தேதிக்கு நிக்குமா சாமி? பழுத்தா அன்னைக்கே வித்தாகணும். அதை விட்டுட்டுக் கீழ போயி வந்தா ஒரு நாள் முழுசும் போயிரும்."

அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். அதுக்குப் பதிலா, "எப்போ ஆயா உங்களுக்குப் போக முடியும்?"னு கேட்டேன்.

ஆயா யோசிக்கவே இல்லை. பதில் தயாரா இருந்துச்சு. "ஆடிப் பதினெட்டு கழிஞ்சா சனம் கொறஞ்சிரும்." ஆடிப் பெருக்கு சமயத்துல இங்க வல்வில் ஓரி விழா, கூட்டம் அலைமோதும், வியாபாரமும் நடக்கும். "பேரன் திங்கக்கிழமை ஆனா கீழ காலேஜுக்குப் போறான், அவன்கூடப் போயிருவேன்." இதை அவங்ககிட்ட அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க.

நான் டாக்டர்னு அப்புறம்தான் சொன்னேன். பாதத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பித்தவெடிப்பு இருந்துச்சு, புண் இல்லை. மாத்திரை வீட்டுக்கே வருதாம். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மலை மேலயும் வந்து சேர்ந்திருக்கு, சந்தோஷம். ரத்தப் பரிசோதனைக்கு அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், செம்மேடு அரசு மருத்துவமனையிலேயே பாருங்கன்னேன். திடீர்னு பார்வை மங்கினா மட்டும் சீசன், ஆடின்னு எதையும் பார்க்காம அன்னைக்கே கிளம்பணும்னு சொன்னேன். சீட்டுக்குப் பின்னாடி பெரிய எழுத்துல எழுதிக் கொடுத்தேன்: ஆடி 18 முடிந்த திங்கள். கண். அவங்க போனாங்களான்னு எனக்குத் தெரியாது.

இறங்குற பஸ்ஸுல தான் உறைச்சுது. அந்த மனுஷன் ஒழுங்கா வரலைன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நான் அவமானப்படுத்துற வரைக்கும் அவர் ஒரு சனிக்கிழமையைக் கூடத் தவற விடல. தவறினது நான் போட்ட தேதிகள் தான். சனிக்கு சனி வர்றவர்னு ஏத்துக்கிட்டு, ஒரு வாரத்துக்கான பஞ்சையும் துணியையும் கையில கொடுத்து, வீட்டுல எப்படிக் கட்டணும்னு காட்டியிருக்கலாம். அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பவும் விரல் போயிருக்கலாம். ஆனா அவர் வர்றதை நிறுத்தியிருக்க மாட்டார்.

இப்போ என் ஓ.பி.யில தேதி எழுதறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்கிறேன்: "எந்த நாள் உங்களுக்கு வசதி?" பூ கட்டி விக்கிற அம்மா "முகூர்த்த நாள் வேண்டாம் சார்"ங்கிறாங்க. நைட் வாட்ச்மேன் "காலையில எட்டு மணின்னா வீட்டுக்குப் போற வழியிலேயே வந்துருவேன்"ங்கிறார். பல்லாவரத்துல கடை போடுறவர் வெள்ளிக்கிழமை வர மாட்டார். எல்லாருக்கும் ஒரு சந்தை நாள் இருக்கு. கேட்க ஆகிற நேரம் பத்து செகண்ட்.

நீங்களும் மூணு விஷயம் செய்யுங்க. டாக்டர் தேதி போடும்போது உங்களால வர முடியாதுன்னா அங்கேயே சொல்லுங்க, திட்டுவாங்கன்னு பயந்து தலையாட்டிட்டு வராதீங்க. தேதி போயிட்டாலும் பரவாயில்லை, முடிஞ்ச அன்னைக்கு வாங்க. வீட்டுல சர்க்கரை நோயாளி இருந்தா ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி அவங்க பாதத்தை அடியில திருப்பிப் பாருங்க. குனிய முடியலைன்னா ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி போதும்.

அன்னாசிப்பழம் ரெண்டு வாங்கினேன். ஆயா மூணாவதா ஒண்ணு சும்மா வச்சுவிட்டாங்க. பஸ் விடியக்காலையில இரும்புலியூர்ல இறக்கிவிட்டுச்சு. குளிச்சுட்டு நேரா டியூட்டி. அன்னைக்கு முதல் ஆளா வந்தவர் ரெண்டு மாசம் கழிச்சு வர்ற பிரஷர் நோயாளி. திட்டு விழும்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே உட்கார்ந்தார். "வந்துட்டீங்களே, நல்லது"ன்னு சொல்லிட்டு பிரஷர் பார்க்க ஆரம்பிச்சேன்.