மேடு இல்லாத ஊர்ல ஒரு சைக்கிள்

திங்கட்கிழமை ஆபீஸ்ல "வீக்கெண்ட் என்ன பண்ணீங்க?"ன்னு கேப்பாங்க. "சைக்கிள்ல சுத்தினேன்"னு சொன்னா அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். எத்தனை கிலோமீட்டர்? ஆவரேஜ் ஸ்பீடு என்ன? நூறு தாண்டுச்சா? இந்தப் பொங்கல் லீவுல நான் போனது மொத்தமே இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். காலைல ஆறரைக்குக் கிளம்பி, வீடு திரும்பறப்போ சாயங்காலம் நாலு. ஆவரேஜ் ஸ்பீடை நீங்களே போட்டுப் பாத்துக்குங்க :-)

ஊர் விழிதியூர். காரைக்கால்ல நிரவி கொம்யூன். (பிரெஞ்சுக்காரன் 1954-லயே கிளம்பிட்டான், 'கொம்யூன்' மட்டும் இன்னும் போகல. நிலத்துப் பத்திரத்துலயும் ஆர், சென்டியார்னுதான் இருக்கும்.) நாலு பக்கமும் பலகை மாதிரி வயக்காடு. எங்க ஊர்ப் பசங்களுக்கு மேடுன்னா அது ஆத்துப் பாலம், அவ்வளவுதான். குரங்கு பெடல் போட்டுக் கத்துக்கிட்ட நாள்லேருந்து மலைப்பாதைல சைக்கிள் ஓட்டறவங்கள டிவில மட்டும்தான் பாத்திருக்கேன்.

இப்படி தட்டையான ஊர்ல சைக்கிள் ஓட்டறது ஒரு சுகம்னு எனக்குப் புரிஞ்சதே வெளிநாட்டுலதான். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்சைட்னு நாலு மாசம் ராட்டர்டாம்ல போட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை வாடகை சைக்கிள் எடுத்துக்கிட்டு பக்கத்துல இருக்கற கிண்டர்டைக் போனேன். வரிசையா 19 காத்தாலை, பெரும்பாலும் 18-ம் நூற்றாண்டுல தண்ணி இறைக்கறதுக்காகக் கட்டினது. கால்வாய், கரை, கரைமேல பாதை, ஓரத்துல நாணல், அதுல ஒத்தக்கால்ல ஒரு சாம்பல் நாரை. அட, நம்ம ஊரு! பனைமரம் மட்டும்தான் குறை. அங்க மேப் கூட வேணாம். சந்திப்புக்கு சந்திப்பு ஒரு நம்பர் போர்டு நட்டிருக்கான், நம்பரைத் துண்டுச்சீட்டுல எழுதி வச்சுக்கிட்டா போதும். 1995-ல பெல்ஜியத்துல ஹூகோ பொல்லன்னு ஒரு சுரங்க என்ஜினியர் ஆரம்பிச்சு வச்ச ஏற்பாடாம், அப்புறம் நெதர்லாந்துக்கும் பரவிடுச்சு. அன்னிக்கு நாப்பது கிலோமீட்டர் சுத்திட்டு ரூமுக்கு வந்து படுத்தப்போதான் உறைச்சுது. ஊர்ல பள்ளிக்கூடம் போன ரோட்டைத் தவிர வேற எந்த வழிலயும் நான் சைக்கிள் மிதிச்சதே இல்ல.

சரி, பொங்கலுக்கு வருவோம். நான் ஊருக்குப் போனதுக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. எங்களுக்கு ஆறு மா நிலம் இருக்கு, அதாவது ரெண்டு ஏக்கர். அக்கா கோயம்புத்தூர்ல, நான் பெங்களூர்ல. அப்பாவுக்கு முட்டி தேஞ்சு போய் சைக்கிள் ஏறி மூணு வருஷம் ஆச்சு. பிளாட் போடறவர் ஒருத்தர் வந்து விலை சொல்லிட்டுப் போயிருந்தார். சம்பா அறுத்ததும் முடிச்சிடலாம்னு பேச்சு. சுத்தி வளைக்காம சொன்னா, நான் கையெழுத்து போடத்தான் போனேன்.

அப்பா அதைப் பத்தி ஒண்ணுமே பேசல. ராத்திரி சாப்பிடறப்போ, "கையெழுத்து எங்க ஓடிடப் போவுது. நாளைக்கு நம்ம சைக்கிளை எடுத்துக்கிட்டு கடல் வரைக்கும் போயிட்டு வா. காத்தடிச்சு, எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்"னார். அது பழைய ராலே, ஒரு சிமெண்ட் மூட்டை வெயிட்டு. "காலைல கெழக்க போ. மதியத்துக்கு மேல மேற்க திரும்பு. மாத்திப் போனீன்னா தொடை கழண்டுடும்"னு சொல்லிட்டு படுக்கப் போயிட்டார்.

இதுதான் எங்க ஊர் சைக்கிள் சாஸ்திரம். இங்க மேடு தரைல இல்ல, காத்துல இருக்கு. ஆடி மாசம் மேல்காத்து அடிச்சா கிழக்கால போறவன் மிதிக்கவே வேணாம், திரும்பறப்போ அழுவான். மார்கழி, தையில வாடை. எந்த மாசமா இருந்தாலும் வெயில் ஏறினப்புறம் கடல்காத்து உள்ள வரும், அது முதுகுல இருக்கற மாதிரி பாத்துக்கிட்டா வீடு வந்து சேந்துடலாம். ஏழு கியர் வச்ச சைக்கிள் வாங்கறவங்களுக்கு இந்த எட்டாவது கியர் ஃப்ரீ.

முதல்ல நம்ம வயலுக்குப் போனேன். சம்பா பழுக்கற நேரம். பாதி பச்சை, பாதி மஞ்சள், கதிர் தலை சாஞ்சு நின்னுச்சு. வரப்புல சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறப்போ நத்தைகுத்தி நாரை பத்து பன்னெண்டு பக்கத்து வயல்ல மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதுக்கும் அந்தப் பக்கம் ஒரு வயல் தரிசா கிடந்துச்சு, அதுல வெள்ளையடிச்ச பிளாட் கல்லு வரிசையா.

ஒரு பெரியவர் மம்பட்டியோட வாய்க்கா ஓரமா உக்காந்திருந்தார். "சைக்கிளப் பாத்துட்டு ஒங்க அப்பாருதான் வர்றாருன்னு நெனச்சேன் தம்பி"ன்னார். அவர் நிலம் எங்களுக்குக் கீழ இருக்கு. வாய்க்கா எங்க வரப்பு ஓரமா வந்துதான் அவருக்கும், அவருக்குக் கீழ இன்னும் ரெண்டு பேருக்கும் பாயுது. கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசிட்டு மெதுவா கேட்டார். "விக்கப் போறீங்களாமே? விக்கறது ஒங்க சௌரியம் தம்பி. வாய்க்காலை மட்டும் விட்டுட்டு வித்துடுங்க."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. தலைய ஆட்டிட்டு சைக்கிள்ல ஏறிட்டேன்.

அங்கேருந்து திருமலைராஜன் ஆத்துக் கரை. கப்பி பேந்த மண் பாதை, சில இடத்துல அதுவும் அத்துப் போய் சீமைக்கருவேலம் மூஞ்சில கீறுது. போன்ல மேப் பாத்தா நான் ஆத்துக்குள்ள போறதா காட்டுது (ஹி..ஹி..). ஆனா அந்த மாதிரி பாதை எந்த ரோட்டுலயும் கிடைக்காது. ஒரு கை பக்கம் தண்ணி, இன்னொரு கை பக்கம் ஆளுயரம் கீழ வயல். நீர்க்காகம் இறக்கைய விரிச்சுக் காயப் போட்டிருக்கு. மீன்கொத்தி கம்பிலேருந்து கல்லு மாதிரி விழுது. பத்து நிமிஷம் ஓட்டறது, இருபது நிமிஷம் நிக்கறது. காலை முழுக்க இப்படியே போச்சு.

பெரியவர் சொன்னது மட்டும் மண்டைலயே ஓடிக்கிட்டிருந்துச்சு. கணக்கு போட்டுப் பாத்தேன், தொழில் புத்தி. தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 60 மீட்டர். அங்கேருந்து எங்க கடற்கரைக்கு 80, 90 கிலோமீட்டர். அப்போ கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட சரிவு இல்ல. சைக்கிள்ல போறவனுக்கு அது தெரியவே தெரியாது. தண்ணிக்குத் தெரியும். மேட்டூர்ல ஜூன் 12-ல திறந்தா, அந்த இல்லாத சரிவை நம்பித்தான் கல்லணை தாண்டி, குடமுருட்டிலேருந்து பிரிஞ்சு, ஒவ்வொரு சட்ரஸா இறங்கி எங்க கடைமடைக்கு வரணும். புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி.ன்னு 2007-ல நடுவர் மன்றம் சொல்லி, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே வச்சுது. அதெல்லாம் டெல்லில. இங்க ஒருத்தன் வாய்க்காலுக்குள்ள நாலு லோடு மண்ணைக் கொட்டினா அதோட கதை முடிஞ்சுது.

கிண்டர்டைக்ல தண்ணியை வெளியேத்தப் படாத பாடு பட்டான். எங்களுக்கு தண்ணி வந்து சேர்றதே பாடு. ஐப்பசி, கார்த்திகைல மழை ஊத்தினா அவன் பாடும் சேந்துக்கும். வெள்ளம் வடியறதுக்கும் அதே வாய்க்கா வேணுமே.

பத்தரை சுமாருக்கு திருமலைராயன்பட்டினம். நாங்க திருப்பட்டினம்னுவோம். காளமேகப் புலவர் கோவத்துல மண்மாரி பொழியணும்னு பாடி ஊரே மண்ணுக்குள்ள போச்சுன்னு கதை சொல்ற ஊரு. கடைல ரெண்டு டீ, ஒரு பருப்பு வடை. அப்புறம் கடற்கரை. வலை பின்னிக்கிட்டிருந்த ஒருத்தர்கிட்ட விழிதியூர்லேருந்து சைக்கிள்ல வந்தேன்னு சொன்னா, "பஸ் இல்லியா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான்.

மாசி மகத்துக்கு திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு இந்தக் கரைக்குத்தான் வருவார். மீனவங்க அவரை எங்க வீட்டு மாப்பிள்ளைன்னு சொல்லி வரவேற்பாங்க, தாயார் அவங்க வீட்டுப் பொண்ணாம். சின்ன வயசுல அப்பா என்னை ராலே பார்ல உக்கார வச்சு அதுக்குக் கூட்டிட்டு வந்திருக்கார். எனக்கு கூட்டம் ஞாபகம் இல்ல. பார்ல ஒரு துண்டை மடிச்சுப் போட்டிருந்ததுதான் ஞாபகம் இருக்கு.

ஒரு மணிக்கு மேல கடல்காத்து கிளம்புச்சு. வந்த வழியிலயே அதை முதுகுல வாங்கிக்கிட்டு திரும்பினேன். அப்பா சாஸ்திரம் சரிதான். அதே கரை, மிதிக்காமலே ஓடுச்சு. நம்ம வயல் பக்கம் வந்தப்போ பெரியவர் இல்ல, மடை மட்டும் புதுசா மண்ணு வச்சு கட்டியிருந்துச்சு.

வீட்டுல அப்பா திண்ணைல உக்காந்திருந்தார். பெரியவர் சொன்னதைச் சொன்னேன். "ம்"னார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"ன்னேன். "முப்பத்தஞ்சு வருஷமா நாந்தானே அவருக்கு மடையத் திறந்து விடறேன்"னார்.

மறுநாள் பிளாட்காரருக்கு போன் பண்ணினேன். வாய்க்காலை விட்டுட்டு மீதியை வாங்கிக்கறீங்களான்னு கேட்டேன். "குறுக்க தண்ணி ஓடினா எவன் சார் மனை வாங்குவான்?"னார். அப்படின்னா இப்போதைக்கு வேணாம்னு சொல்லிட்டேன். அக்கா கோவமா இருக்கா. அவ பக்கமும் நியாயம் இருக்கு, பணம் அவளுக்குத்தான் அவசரம். கீழ் நிலத்துக்காரங்களே சேந்து குத்தகைக்கு எடுத்துக்கறாங்களான்னு அப்பா கேட்டுக்கிட்டிருக்கார். அந்தப் பேச்சு இன்னும் முடியல.

மாசி மகத்துக்கு மூணு நாள் லீவு போட்டிருக்கேன். இந்தத் தடவை மொதல்ல மேற்க, ஆத்தோட திருக்கண்ணபுரம் வரைக்கும். நடுவுல எங்கியோ புதுச்சேரி முடிஞ்சு தமிழ்நாடு வந்துடும், சாராயக்கடை இல்லாததை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். திரும்பி வர்றப்போ பெருமாள் பின்னாடியே கடல் வரைக்கும் வரணும். அதுக்குள்ள பின் டயரை மாத்திடணும், பட்டன் எல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு.