பதினைந்து மீட்டருக்குக் கீழே

அணை பாதுகாப்பாக இருக்கிறதா என்ற கேள்வி மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. முல்லைப் பெரியாறு பேச்சு வந்தால் டீக்கடையில் நிற்பவர்கூட 136, 142, 152 என்று அடிக்கணக்கை ஒப்பிப்பார். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். 1895-ல் கட்டி முடித்த அந்த அணையைப் பார்க்க எத்தனையோ நிபுணர் குழுக்கள் வந்து போய்விட்டன. ஆனால் நம் காலனிக்கு மேலே நிற்கும் மண்கரை எத்தனை அடி? அதைக் கடைசியாக வந்து பார்த்தவர் யார்? இதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர், கீழக்குயில்குடியில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு வருகிற ஒரு மாணவத் தோழர். அவருடைய அம்மா ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு தனியார் தோட்டத்தில் ஓடையை மறித்து மண்ணைக் கொட்டித் தண்ணீர் தேக்கியிருக்கிறார்கள். கரைக்குக் கீழே 40 வீடுகள். எல்லாம் நம் சனங்கள், அதே தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர்கள். மனு நிலுவையில் இருப்பதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை.

போய்ப் பார்த்தோம். கரை முழுக்கச் சீமைக்கருவேலம். உபரித் தண்ணீர் போகக் கலிங்கு இல்லை, ஒரே ஒரு குழாய்தான். கரையின் வெளிப்புற அடியில், மழையே இல்லாத நாளிலும், பாய் விரித்த அளவுக்கு ஈரம். என் தாத்தா நீர்பாய்ச்சியாக இருந்தவர். கண்மாய்க் கசிவைப் பற்றி அவர் சொல்லும் கணக்கு எளிமையானது: தெளிந்து வந்தால் கண் வைத்திரு, கலங்கி வந்தால் ஊரை எழுப்பு. கலங்கி வருகிறதென்றால் தண்ணீரோடு கரைக்குள்ளிருந்து மண்ணும் வெளியேறுகிறது என்று பொருள். உள்ளே குகை போல அரித்துக்கொண்டே போய் ஒரு நாள் கரை உட்கார்ந்துவிடும். நாங்கள் பார்த்தபோது தெளிவாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் எப்படி வரும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

மூன்று அலுவலகம் ஏறினோம். ஒருவர் அது தனியார் நிலம் என்றார். இன்னொருவர் அது அணையே இல்லை, பண்ணைக்குட்டை என்றார். மூன்றாமவர், எங்கள் பட்டியலில் இருந்தால்தான் நாங்கள் பார்க்க முடியும் என்றார். மூன்றாமவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது.

அணைப் பாதுகாப்பில் இரண்டு தனித்தனி மதிப்பீடுகள் உண்டு. ஒன்று கட்டுமானத்தின் நிலை, அதாவது கரை உறுதியாக இருக்கிறதா என்பது. மற்றொன்று அபாய வகை, அதாவது உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பது. கரை புத்தம் புதிதாக இருந்தாலும் கீழே வீடுகள் இருந்தால் அது 'உயர் அபாயம்' என்ற வகையில்தான் வர வேண்டும். அப்போதுதான் அடிக்கடி சோதிப்பார்கள்.

இந்த மதிப்பீடு தப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு ஹவாயின் காவாயித் தீவில் இருந்த கா லோகோ அணை ஒரு சாட்சி. 1890-ல் கரும்புத் தோட்டத்துக்காகக் கட்டிய மண்ணணை அது, பிற்பாடு தனியார் கைக்குப் போனது. அரசுப் பதிவேட்டில் அதற்குக் கொடுத்திருந்த வகை 'குறைந்த அபாயம்'. 2006 மார்ச் 14 அதிகாலையில் உடைந்து 7 பேரை அடித்துக்கொண்டு போனது. கலிங்கு மண்போட்டு மூடப்பட்டிருக்க வேண்டும் என்று விசாரணை அறிக்கை சொன்னது. 2014-ல் உரிமையாளருக்குக் கிடைத்தது 7 மாதச் சிறை.

அங்கே பதிவேட்டில் தப்பாகவாவது ஒரு பதிவு இருந்தது. இங்கே பதிவே இல்லை. நம் நாட்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-ல் வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கு அது பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுக்குக் கூடுதல் நிபந்தனை உண்டு: 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு என்பதுபோன்ற பட்டியலில் ஒன்றாவது பொருந்த வேண்டும். 10 மீட்டருக்குக் கீழே, அதாவது 33 அடிக்குக் கீழே, எதுவும் இந்தச் சட்டத்துக்குள் வராது. கீழே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது அந்த நிபந்தனைகளில் இல்லை.

உயரம் குறைந்தால் சாவும் குறையுமா? 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறி விழுந்த தனியார் சுவரின் உயரம் சுமார் 20 அடி. ஆதிதிராவிடர் காலனியில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடு என்று கேட்ட தோழர்கள் தடியடி வாங்கிக் கைதானார்கள்.

கென்யாவின் சோலாய் என்ற ஊரில் 2018 மே 9 இரவு, இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் தோட்டத்து மண்ணணை உடைந்து 48 பேர் செத்தார்கள். கீழே குடியிருந்த ஏழைகள் அவர்கள். அங்கிருந்த அணைகளுக்கு முறையான அனுமதி இல்லை என்று அந்த நாட்டு நீர்வள அதிகாரிகள் சொன்னார்கள், உடைந்த பிறகு.

கண்டம் மாறினாலும் மேலே தண்ணீரும் சொத்தும், கீழே உழைப்பவர் வீடுகளும் என்ற அமைப்பு மாறவில்லை. நம் ஊர்களில் இந்த அமைப்பை எழுதியது சாதி. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். மறுகால் பாயும் தடத்தில் யாருக்கு மனை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

கரை உடையும்போது நம்மைக் கூப்பிடுவதற்கு மட்டும் சட்டம் அன்றே இருந்தது. 1858-ல் வந்த சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டப்படி, ஏரிக் கரைக்கு ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து 'உழைக்கும் வகுப்பு' ஆண்களை வேலைக்கு அழைக்கலாம், மறுத்தால் தண்டிக்கலாம். மண் சுமக்கும் உடலாகச் சட்டம் நம்மைக் கண்டுகொண்டது. கீழே தூங்கும் உயிராகக் கணக்கெடுக்கவில்லை.

அரசுக்குப் பதிவேடு போடத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நான் உட்கார்ந்து எழுதும் இந்தக் கீழக்குயில்குடியிலேயே 1914-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, கள்ளர் சமூகத்து மக்களிடம் கைரேகை பிடித்தார்கள். பிறப்பைப் பார்த்து மனிதர்களை 'அபாயம்' என்று ஆள் ஆளாகப் பதிய முடிந்த நிர்வாகத்துக்கு, கரைகளைப் பதிவது முடியாத வேலையா?

ஆகவே தோழர்களே, பட்டியலை நாம் போடத் தொடங்குவோம். உங்கள் காலனிக்கு மேலே தனியார் கரையோ சுவரோ இருந்தால் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரம் எவ்வளவு. கலிங்கு இருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா. கரையடியில் ஈரமா, அது தெளிந்து வருகிறதா கலங்கி வருகிறதா. எலிவளை, நண்டுவளை, மரவேர், விரிசல், உச்சியில் பள்ளம் உண்டா. கீழே எத்தனை வீடு, எத்தனை பேர், நடக்க முடியாதவர்கள் யார் யார். தேதி தெரியும்படி படம் எடுங்கள். கரை மேல் தனியாக ஏறாதீர்கள். தோட்டத்துக்குள் அனுமதி இல்லாமல் போய் வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். காலனிப் பக்கமிருந்தே பெரும்பாலானவை தெரியும்.

எங்கே கொடுப்பது? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 133-வது பிரிவு, இப்போது நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 152. விழுந்து அக்கம்பக்கத்தாருக்குக் காயம் உண்டாக்கக்கூடிய நிலையில் ஒரு கட்டுமானம் இருந்தால், அதை அகற்றவோ பழுதுபார்க்கவோ உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் உண்டு. இந்தப் பிரிவில் 15 மீட்டர் கணக்கு இல்லை. தனியார் நிலம் என்ற சாக்கும் இங்கே செல்லாது, ஏனென்றால் உத்தரவே உரிமையாளருக்குத்தான். மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து, எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நடூருக்குப் பிறகு அங்கே போய் நின்றவர்களுக்குத் தெரியும், சாவுக்கு முன்னால் வாங்கிய ஒரு ஒப்புகைச் சீட்டு எவ்வளவு பெரிய ஆதாரம் என்று.

எங்கள் மனுவின் முதல் பத்தியில் கரையின் உயரத்தை எழுதவில்லை. 40 வீடுகள், 163 பேர், அதில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 19 என்று எழுதியிருக்கிறோம். வீடு வீடாகப் போய் எண்ணியவர் அந்த மாணவத் தோழர்தான். விசாரணைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. மழை தொடங்க ஆறு வாரம் இருக்கிறது. அதுவரை இரவில் கரையடியைப் பார்த்துவரக் காலனி இளைஞர்கள் முறை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.