நூற்று இருபது நாள் சாட்சி

செங்குருதி அணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். அதனுள் இருக்கும் ஹீமோகுளோபினில், குருதியிலுள்ள சர்க்கரை சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது அவ்வணு மடியும்வரை விலகுவதில்லை. நீரிழிவு நோயாளரிடம் இம்மாறுதல் மிகுந்திருப்பதை ஈரான் நாட்டு மருத்துவர் சாமுவேல் ரஹ்பார் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நம் பரிசோதனைக் கூடங்கள் 'எச்.பி.ஏ.1.சி.' என எழுதித் தருவது இதனையே. மக்கள் வழக்கில் அது 'மூன்று மாதச் சர்க்கரை'.

என் தமக்கையார் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. பதினோர் ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். பரிசோதனைக்கு நான்கு நாட்களுக்கு முன்பு அவருக்குப் பத்தியம் தொடங்கும். மறந்திருந்த மாத்திரைகளும் நினைவுக்கு வரும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 120-ஐ ஒட்டியே நிற்கும். "கல்வி அதிகாரி வருமுன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதில்லையா, தம்பி?" என்று சிரிப்பார்.

சென்ற ஆண்டு புதிய மருத்துவர் ஒருவர் மூன்று மாதக் கணக்கையும் கேட்டார். 9.4 விழுக்காடு! சராசரிச் சர்க்கரை 220-க்கும் மேல் என்பது அதன் பொருள். அதே தாளில், 150-க்குள் இருக்க வேண்டிய ட்ரைகிளிசரைடு 312. பெண்களுக்கு 50-க்குக் குறையலாகாத நல்ல கொழுப்போ 36.

"நான் நெய்யே தொடுவதில்லையே!" என்று வியந்தார் தமக்கையார்.

இன்சுலின் சர்க்கரையோடு கொழுப்பையும் காவல் காக்கிறது. அக்காவல் தளர்ந்தால், உடலில் சேமித்த கொழுப்பு கரைந்து கல்லீரலைச் சேர்கிறது. கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாக்கிக் குருதியில் விடுகிறது. அது பெருகப் பெருக நல்ல கொழுப்பு குறைகிறது. கெட்ட கொழுப்பின் துகள்கள் சிறுத்துச் செறிந்து, நாளச் சுவர்களுக்குள் எளிதில் புகுகின்றன. நெய் தொடாதவரின் இதயத்திற்கும் கேடு வரும் வழி இதுவே.

முன்பு ஓரிடத்தில் பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளப்பட்டதாகவும், அன்று முதலே இந்தச் சுண்ணாம்பு வேலை தொடங்கியதாகவும் தமக்கையார் அப்போதுதான் கூறினார். புதிய மருத்துவர் கடியவில்லை. மாத்திரையை நாள்தோறும் உண்ணும் நேரத்தை மட்டும் அவரோடு அமர்ந்து குறித்துக் கொடுத்தார். நான்கு மாதங்களில் அளவு 7.6 ஆயிற்று. பிரிட்டனின் பெரிய ஆய்வொன்று, இவ்வளவு ஒரு விழுக்காடு குறையுமிடத்துச் சிறுநாளக் கேடுகள் 37 விழுக்காடு குறைந்திருந்ததை 2000-ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆதலால் இது சிறு ஆதாயம் அன்று.

பழைய அணுக்கள் மடிந்தன. புதியவை புதுக்கணக்கோடு பிறந்தன. குருதிக்கு அந்தப் பேறு உண்டு. விழித்திரைக்கு அது இல்லை. அங்கே நேர்ந்த கசிவால், நாளிதழின் சிற்றெழுத்துகளை இப்போது நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்பு வாசகரே, உங்கள் இல்லத்திலும் நீரிழிவு உள்ளவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரது பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கும்போது குரலைச் சற்றுத் தாழ்த்துங்கள். கடிந்துகொள்ளும் வீட்டில்தான் சுண்ணாம்புக்குத் தேவை ஏற்படுகிறது.