அஸ்திவாரம் தோண்டினால் எண்ணெய்!

நியூயார்க் போகிறவர்கள் சுதந்திர தேவி சிலையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. புரூக்ளினின் கிரீன்பாயின்ட்டை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே நியூடவுன் ஓடைக்கரையில், கழிவுநீர் நிலையத்தின் எட்டு ராட்சத முட்டைகள் வெள்ளியாய் மின்னுகின்றன. பக்கத்திலேயே அழகான நடைபாதை வேறு!

விஷயம் காலுக்கு அடியில் இருக்கிறது. 1978-ல் ரோந்து போன கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர், ஓடையில் எண்ணெய் கசிவதைக் கண்டது. ஆலைகளும் கிடங்குகளும் பல காலம் சிந்தியது வீடுகளுக்குக் கீழே நிலத்தடி நீரில் மிதந்துகொண்டிருந்தது. மதிப்பீடு, 1.7 கோடி முதல் 3 கோடி காலன்!

இப்படிப்பட்ட மண்ணில் கட்டடம் எழுப்பப் பள்ளம் தோண்டினால், ஊறும் தண்ணீரை மோட்டார் போட்டு அப்படியே ஓடையில் விட முடியாது. தொட்டியில் தேக்கினால் எண்ணெய் மேலே வரும், வழித்துவிடலாம். பென்சீன் அப்படியில்லை. நீரில் கரைந்து கண்ணுக்கே தெரியாது. அதைப் பிடிக்கக் கரி நிரப்பிய வடிகட்டி வேண்டும், பிறகு ஆய்வகச் சோதனை. சோப்புக் கரைசல் ஊற்றினால் வானவில் படலம் மறையும், எண்ணெய் மறையாது.

அவசரப்பட்டு அதிகமாக இறைத்தாலும் வம்புதான். பக்கத்து மனையின் எண்ணெயும் பள்ளத்தை நோக்கி நகரும். துப்புரவுக் கிணறுகள் இதே குணத்தைத்தான் பயன்படுத்துகின்றன. நீர்மட்டத்தைத் தாழ்த்தி, எண்ணெயைத் தம் பக்கம் வரவழைத்து உறிஞ்சுகின்றன. இதுவரை எடுத்தது 1.2 கோடி காலனுக்கும் மேல்.