திரூரில் ஒரு நாள்: கேள்வியோடு போனால் விதையோடு திரும்பலாம்

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தண்ணீர் வந்தால் ஒரேயடியாக வரும். ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு கரைபுரண்டு பூண்டி ஏரிக்குப் போய்விடும். அதன்பிறகு கரும்புக்கும் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் கிணறும் போரும்தான் கதி. தை பிறந்ததும் கிணற்றை எட்டிப் பார்த்துக் கணக்குப் போடுகிற ஊர் இது. எனவே, எத்தனை நாள் பயிர் என்பதுதான் இங்கே முதல் கேள்வி. அதற்குப் பதில் தேட ஏற்ற இடம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: திரூர்.

பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் திருத்தணி. அங்கிருந்து அரக்கோணம் வழியாகச் சென்னை போகும் மின்சார ரயிலில் செவ்வாப்பேட்டை ரோடு. திரூர் அதற்குப் பக்கம்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இங்கே இருக்கின்றன. கண்காட்சி, வயல்விழா என்று அறிவிப்பு வந்தால் காலை முதல் வண்டியில் கிளம்புவது நல்லது. வெயில் ஏறும் முன் வயலைப் பார்த்துவிடலாம்.

உலகம் சுற்றிய நெல்

இந்த நிலையம் 1942-ல் தொடங்கியது. திரூர்குப்பம் என்ற பெயரைச் சுருக்கித்தான் டி.கே.எம். என்று ரகங்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். இங்கே உருவான டி.கே.எம்.6, தண்டுத்துளைப்பானைத் தாங்கும் குணம் கொண்டது. பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைப் பெற்றோராக வைத்து ஒரு ரகத்தை உருவாக்கி 1969-ல் வெளியிட்டது. அதுதான் தமிழ்நாட்டு வயல்களில் பல ஆண்டுகள் கோலோச்சிய ஐ.ஆர்.20. திரூரில் பிறந்த நெல்லின் குணம் கடல் தாண்டிப் போய், புதுப் பெயரோடு திரும்பி வந்தது.

சிவப்பு அரிசி தரும் குண்டு ரகமான டி.கே.எம்.9-ம் இங்கே பிறந்ததே. பிறகு வந்த டி.கே.எம்.13 சன்ன ரகம். வயது 130 நாள். பாபட்லா எனப்படும் பி.பி.டி.5204 கிட்டத்தட்ட 145 முதல் 150 நாள் நிற்கும். வித்தியாசம் இரண்டு வாரத்துக்கு மேல். பால் பிடிக்கும் நேரத்தில் கிணறு கைவிட்டால் முழுப் போகமும் பதராகிவிடும் என்பதால், இந்த இரண்டு வாரம் பள்ளிப்பட்டு விவசாயிக்குப் பெரிய விஷயம்.

அரங்குகளில் கேட்க வேண்டியது

கண்காட்சியில் கூட்டம் மொய்ப்பது டிராக்டரையும் மருந்து தெளிக்கும் ட்ரோனையும் சுற்றித்தான். பார்க்கட்டும், பிள்ளைகளுக்கும் அது வேடிக்கை. ஆனால், பை நிறைய துண்டுப் பிரசுரத்தோடு திரும்புவதில் பயனில்லை. "சார், எங்க கிணறு தை மாசத்துக்கு மேல தாங்காது. எந்த ரகம், எப்போ விதைக்கணும்?" என்று கேட்பவருக்குத்தான் வேலைக்கு ஆகும் பதில் கிடைக்கும்.

கையோடு கொண்டு போக வேண்டியவையும் உண்டு. நெல் வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிக் கலந்து, கால் பங்காகக் குறைத்துக்கொண்டே வந்து அரை கிலோ எடுக்க வேண்டும். வரப்பு ஓரம், எருக்குழி, மர நிழல் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் என்றால் மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். நோய் தாக்கிய செடியைப் பிளாஸ்டிக் பையில் திணித்தால் வெந்துவிடும். செய்தித்தாளில் சுற்றினால் போதும்.

சொட்டுநீர் அரங்கில் நிற்பவர்கள் சிட்டா, அடங்கல், ஆதார் நகல்களோடு, சிறு-குறு விவசாயி சான்றிதழையும் வைத்திருந்தால் அலைச்சல் குறையும். ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் இந்தச் சான்று கிடைக்கும். சொட்டுநீருக்கு அவர்களுக்கு முழு மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவிகிதமும் என்பது தமிழக அரசு வகுத்த முறை.

இரண்டு கிலோ போதும்

புது ரகத்தைக் கண்டதும் மொத்த நிலத்துக்கும் விதை வாங்குவதுதான் ஆபத்து. திரூர் மண் வேறு, பள்ளிப்பட்டு மண் வேறு. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், ஒருவருக்குக் கொடுத்தது இரண்டு கிலோ பாரம்பர்ய விதைதான். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. நடவுக்கு இரண்டு கிலோ விதை பத்து சென்ட் நிலத்துக்குத் தாராளம். வழக்கமான ரகத்துக்குப் பக்கத்திலேயே, அதே தண்ணீர், அதே உரத்தில் நட்டுப் பார்த்தால் ஒரு போகத்தில் உண்மை தெரிந்துவிடும். பொய்த்தால் நஷ்டம் பத்து சென்ட்டோடு போகும்.

வாங்கும்போது மூட்டையில் சான்று விதைக்கான நீல அட்டை இருக்கிறதா, காலாவதி தேதி என்ன என்று பார்த்து, ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நூறு விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து, எண்பதாவது முளைக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே நாற்றங்காலில் இறக்கலாம்.