ஏழு திரையும் ஒரு சுடரும்

இரவில் நெய்வேலியை நெருங்குவோர் முதலில் காண்பது வானிற் படர்ந்த வெளிச்சத்தையே. நிலத்தடியில் நெடுங்காலம் கிடந்த பழுப்பு நிலக்கரி, 1962ஆம் ஆண்டு முதல் அங்கே மின்னாற்றலாகி வருகிறது. நகரியத்துக் கோயிலில் ஐம்பொன்னாலான ஆடவல்லான் பேருருவம் ஒன்று உண்டு. கையில் தீ ஏந்தியவனாகவும், தீக்கொழுந்து சூழ்ந்த திருவாசியின் நடுவே ஆடுபவனாகவும் கூத்தனை வார்ப்பது சோழர் காலந்தொட்டு வரும் மரபு.

தெய்வ உருவத்துக்கு ஒளியை அணிவிப்பது பிற நாட்டார்க்கும் உரியதே. காந்தாரச் சிற்பிகள் புத்தர் தலைக்குப் பின் ஒளிவட்டம் அமைத்தனர். பைசாந்திய ஓவியர் திருவுருவங்களின் பின்புலத்தைப் பொன்னால் நிரப்பினர். எகிப்து நாட்டுப் பள்ளிவாசல்களில் உருவங்களுக்கு இடமில்லை; ஆதலின், இறைவனை ஒளியெனக் கூறும் திருக்குர்ஆன் வசனத்தைக் கண்ணாடி விளக்குகளின் மேலேயே எழுதினர்.

நெய்வேலிக்கு அண்மையிலுள்ள வடலூரிலோ உருவமே இல்லை. உள்ளது சுடர் ஒன்றே. இராமலிங்க அடிகள் 1872ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அங்கே சத்திய ஞான சபையைத் தொடங்கினார். எண்கோண வடிவினதாகிய அம்மன்றம், பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த பெருவெளியில் நிற்கிறது. உள்ளே கருமை, நீலம், பச்சை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு நிறத் திரைகள் தொங்குகின்றன. தைப்பூசத்தன்று அவை ஒவ்வொன்றாக விலக, கண்ணாடியில் சுடர் தோன்றுகிறது. சிற்பியின் உளியும் ஓவியன் தூரிகையும் செய்யும் வேலையை இங்கே வெறுந்துணி செய்துவிடுகிறது! அதனினும் எளிய கலை வேறு யாது? ஆறு காலக் காட்சியுள் இறுதியது மறுநாள் விடியலில் நிகழும். அதற்காகத் தைப் பனியில் இரவெல்லாம் காத்திருப்போர் பலர்.

ஆயினும், வடலூரில் அடிகள் முதலில் ஏற்றிய தீ இதுவன்று. சபைக்கு ஐந்தாண்டு முன்னரே, 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், சத்திய தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். பசித்தவர் வயிற்றில் எரியும் தீயை அவிக்காமல், அவருக்கு எந்த ஒளியைக் காட்டுவது? வாடிய பயிரைக் கண்டு வாடிய அவ்வுள்ளத்துக்கு இவ்வரிசையே இயல்பு.

அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. விடியற்காலையில் சுடரைக் கண்டு திரும்பும் மக்கள், சாதி சமயம் கேட்பாரின்றி, தருமச்சாலையில் வரிசையாக அமர்கின்றனர். இலையில் சூடான சோறு விழுகிறது.